கை தூக்கினால் தெரிவது

சீட்டில் 'சார்கோமா' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியிருந்தாள்
சடைச்சி, ஐம்பத்தெட்டு, பெண்,
வலது தோள்பட்டைக்குக் கீழே வீக்கம்.

ஐந்து ரோட்டுக்குப் பின்சந்தில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
நான் படம் எடுப்பவன். படிப்பது வேறு ஆள்.
பதினோரு வருஷமாக எனக்கு மூன்றே வசனம்:
மூச்சை இழுங்க. நிறுத்துங்க. விடுங்க.

மூன்று இடத்தில் தடவிப் பார்த்தார்களாம்.
"கையத் தொங்கப் போட்டு நில்லும்மா."
நிற்பாளாம். ஒன்றும் இருக்காதாம்.
ஒருவர் சுளுக்கு என்று தைலம் கொடுத்தார்,
ஒருவர் வயசு என்று மாத்திரை.
மூன்றாவது இடத்தில் மகன் சண்டை போட்டதில்
கிடைத்தது இந்தச் சீட்டு.

"நெசமா இருக்குதுங்க தம்பி.
தொறட்டி புடிச்சா வருது, கைய எறக்குனா உள்ள போயிருது.
காப்பிப் பழம் எடுக்கையில டக்குனு ஒரு சத்தம்.
மல்லாந்து படுத்தா
கூழாங்கல்லு மேல படுத்தாப்ல."

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்றை
ஏசி அறைக்கு நடுவில் நிறுத்தி
அதை நோக்கி இரண்டு கையையும் நீட்டி உயர்த்தினாள்.
பச்சை கவுனின் முதுகுத் திறப்பில்
தோள்பட்டை எலும்பு விலகிக்கொடுக்க,
வந்தது,
கொம்பு முளைக்காத கன்றின் நெற்றிபோல.

இறக்கினாள். போயிற்று.
ஏற்றினாள். வந்தது.
மூன்று பேருக்கும் சேர்த்துக் காட்டுகிறவள்போல
திரும்பத் திரும்ப.

குப்புறப் படுக்கவைத்தேன்.
"கையத் தலைக்கு மேல வச்சுக்குங்க,
கஷ்டமா இருந்தா சொல்லுங்க."
சிரித்தாள்.
"நாப்பது வருசமா இப்பிடித்தான நிக்கிறேன்."

திரையில்
விலாவுக்கும் தோள்பட்டைக்கும் இடையே
சதையின் நிறத்தில் ஒரு வில்லை.
அதனூடே கொழுப்பு இழைகள்,
இழைத்த பலகையில் ரேகை ஓடுவதுபோல.
எலும்பு அரிக்கப்படவில்லை.
நுரையீரல் தன் பாட்டுக்குக் கறுத்துக் கிடந்தது.
பிறகு இடது பக்கம்,
அதே இடத்தில்
சின்னதாய் இன்னொன்று.
அவளுக்கே தெரியாதது.

ஒன்றுக்கே கேள்விக்குறி. இரண்டானால்?
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தலையைத் திருப்பி என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
விடுங்க என்று சொல்ல மறந்திருக்கிறேன்.
இன்னும் மூச்சைப் பிடித்தபடியே கிடக்கிறாள்.

டீ டம்ளரோடு வந்தார் டாக்டர் மெஹருன்னிசா.
"ரெண்டு பக்கமுமா? அப்பாடா" என்றார்.
எனக்குப் புரியவில்லை.
"கெட்டது இப்படி ஜோடி பார்த்து உட்காராது, செங்கோடா.
எலும்பும் எலும்பும் வருஷக்கணக்கா உரசுனதுல
நடுவுல தடிச்சது, அப்படித்தான் நினைக்கிறாங்க.
ஊசி போட்டுச் சதை எடுக்கக்கூட வேண்டாம்."
எலாஸ்டோஃபைப்ரோமா என்று எழுதினார்.
இவ்வளவு நீளப் பெயரில்
கேள்விக்குறிக்கு இடமில்லை.

வலித்ததால் வலதை எடுத்தார் டாக்டர் இளவழகன்.
குழியில் நீர் கோத்துக்கொள்ளும் என்று
ஆறு நாள் குழாய் வைத்தார்.
லேப் பையன் கூப்பிட்டு ஒருமுறை காட்டினான்,
கறுப்புச் சாயம் குடித்த இழைகள், மணி மணியாய்.
மிளகுச் சரம் என்றேன்.
அவன் அப்படி எழுத முடியாது என்றான்.

இடதை விட்டுவிட்டார்கள்.
தொந்தரவு இல்லை, இருக்கட்டும் என்று.

இன்று சனிக்கிழமை.
மலை ஏறும் பஸ்ஸில் உட்கார இடமிருக்காது.
தையல் பிரித்த பக்கத்துக் கையை மடித்துக்கொண்டு
இடக்கையால் மேல்கம்பியைப் பிடித்திருப்பாள்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஜாக்கெட்டுக்குள் அது எட்டிப் பார்க்கும்,
உள்ளே போகும்,
பார்க்கும்.

நானும்தான் வெகுநேரமாக
விடாமல் வைத்திருக்கிறேன்.
விடுங்க.